மையாஸ்தீனியா கிராவிஸ்: ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மா மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு அண்டியாபீஸில் முப்பது வருடம் முந்திரிக்கொட்டை உடைத்தவர். அவருக்கு மையாஸ்தீனியா கிராவிஸ். அந்தப் பெயர் எங்கள் காதில் விழவே ஒன்றரை வருடம் ஆனது. அதில் எட்டு மாதம் போனது ஒரே ஒரு ரத்த ரிப்போர்ட்டைத் தப்பாகப் புரிந்துகொண்டதால். அதன்பிறகு ஆஸ்பத்திரி வரிசையிலும், சொந்தக்காரர் வீட்டிலும், போனிலும் பலர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. அம்மாவின் ஃபைலைத் தூக்கிக்கொண்டு நடந்த மகள். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் சொல்படிதான்.

முதலில், இது என்ன நோய்?

நரம்பு தசைக்குக் கட்டளை கொடுக்கும்போது அதன் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் வெளியே வரும். தசையின் மேல் அதைப் பிடித்துக்கொள்ள ஏற்பிகள் இருக்கின்றன. பிடித்தால்தான் தசை சுருங்கும். இந்த நோயில் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஆன்டிபாடி என்ற புரதங்களை உண்டாக்கி அந்த இடத்தைத் தாக்குகிறது. அதனால் முதல் சில அசைவுகள் நன்றாக இருக்கும், செய்யச் செய்யத் தசை தளரும். ஓய்வு எடுத்தால் மறுபடி திரும்பும். உணர்ச்சி குறையாது, மரத்துப்போகாது. இந்தி நடிகர் அமிதாப் பச்சனுக்கு 1980களில் வந்தது இதே நோய்தான். 40 வயதுக்குள் பெண்களுக்கும், 60 தாண்டியபின் ஆண்களுக்கும் கூடுதலாக வரும். ஆனால் எந்த வயதிலும் வரலாம்.

எந்த மாதிரித் தொந்தரவுக்கு இந்தப் பரிசோதனையை எழுதுவார்கள்?

காலையில் சரியாக இருந்து சாயங்காலம் இமை தொங்குவது, ஒரு பொருள் இரண்டாகத் தெரிவது, பேசப் பேசக் குரல் மூக்கால் வருவது, மென்று சாப்பிடச் சாப்பிடத் தாடை அயர்ந்துபோவது, தலைக்கு மேல் கையைத் தூக்க முடியாதது. இந்த ஏற்ற இறக்கம்தான் முக்கியமான அடையாளம்.

எங்கள் வீட்டில் இது தெரிந்தது சாப்பாட்டில். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் என்றால் அம்மா இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுபவர். ஒரு ராத்திரி நாலு வாய் சாப்பிட்டதும் நிறுத்திவிட்டு, கையால் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மென்றார். "பல்லு வலிக்குதா அம்மா?" என்று கேட்டேன். "இல்ல மக்கா, தாடை வரமாட்டேங்கு" என்றார். அப்புறம் ஒரு நாள் கஞ்சித் தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. அன்றைக்குத்தான் நாங்கள் பயந்தோம்.

ரத்தத்தில் என்னதான் தேடுகிறார்கள்?

முதலில் தேடுவது அசிட்டைல்கோலின் ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி. ரிப்போர்ட்டில் ஏசிஎச்ஆர் என்று இருக்கும். உடம்பு முழுக்கப் பரவிய நோயில் சுமார் 85 சதவீதம் பேருக்கு இது பாசிட்டிவாக வரும். கண்ணில் மட்டும் நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் வரும். அது இல்லை என்றால் அடுத்துத் தேடுவது மஸ்க் என்ற புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி. இது 2001-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கும் பிறகு எல்ஆர்பி4 என்று ஒன்று உண்டு, அது எல்லா லேபிலும் கிடைக்காது.

இந்தப் பரிசோதனை பிறந்த கதையை ரப்பர் தோட்டத்துக்குப் போகிற நம்மூர்க்காரர்களிடம் சொன்னால் சட்டென்று புரிந்துகொள்வார்கள். கட்டுவிரியன் கடித்தவருக்கு முதலில் இமை தொங்கும், பிறகு தொண்டை அடைக்கும், பிறகு மூச்சு நிற்கும் என்பது இங்கே பலருக்கும் தெரியும். கட்டுவிரியனின் தைவான் சொந்தக்காரப் பாம்பு ஒன்றின் விஷத்தில், தசையில் உள்ள அந்த ஏற்பியைத் தேடிப்போய்க் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும் பொருள் இருக்கிறது. ஆல்ஃபா பங்காரோடாக்சின் என்று பெயர். ஏற்பி எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்க விஞ்ஞானிகள் இதையே பயன்படுத்தினார்கள். 1973-இல் ஜிம் பேட்ரிக், ஜான் லிண்ட்ஸ்ட்ராம் என்ற இருவர் மின்விலாங்கின் உடம்பிலிருந்து எடுத்த ஏற்பியை முயல்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். முயல்களின் உடம்பு அதற்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கியது. அந்த ஆன்டிபாடி முயல்களின் சொந்தத் தசையையே தாக்க, அவை தளர்ந்து விழுந்தன. 1976-இல் நோயாளிகளின் ரத்தத்திலும் அதே ஆன்டிபாடி இருப்பதைக் காட்டினார்கள்.

இன்றைக்கும் ரேடியோ இம்யூனோ அஸே என்ற முறையில், கதிரியக்க அயோடின் ஏற்றிய பாம்பு விஷத்தை ஏற்பியில் ஒட்டவைத்து, அதோடு நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரை, கலக்கிறார்கள். ஆன்டிபாடி இருந்தால் அது ஏற்பியைப் பிடித்துக்கொள்ளும். பிடிபட்டதைப் பிரித்தெடுத்துக் கதிரியக்கத்தை அளந்தால் எவ்வளவு ஆன்டிபாடி என்று தெரிந்துவிடும். ஆளைக் கொல்லும் விஷத்தின் அதே குணம் நோயைக் கண்டுபிடிக்கவும் உதவுகிறது என்று கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

வெறும் வயிற்றில் போக வேண்டுமா? மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

வெறும் வயிறு தேவையில்லை. கையிலிருந்து சில மில்லி ரத்தம் எடுப்பார்கள், அவ்வளவுதான். இந்த நோய்க்குத் தசை பலத்துக்காகக் கொடுக்கும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை இந்த ரிசல்ட்டை மாற்றாது, அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். நரம்பு தூண்டல் பரிசோதனைக்கு முன் சில மணி நேரம் அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்வதுண்டு. அதையும் இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

கவனிக்க வேண்டியது வேறு. இம்யூனோகுளோபுலின் ஏற்றுவதாக இருந்தாலோ பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) மாற்றுவதாக இருந்தாலோ, அதற்கு முன்பே ரத்தம் எடுத்துவிடுவது நல்லது. இம்யூனோகுளோபுலின் என்பது ஆயிரக்கணக்கானோர் கொடுத்த ரத்தத்திலிருந்து எடுப்பது, அவர்களுடைய ஆன்டிபாடிகளும் அதில் கலந்திருக்கும். பிளாஸ்மா மாற்றினால் உங்கள் ஆன்டிபாடியே வெளியே போய்விடும். ஸ்டீராய்டும் மற்ற எதிர்ப்புச் சக்தி அடக்கும் மருந்துகளும் மாதக்கணக்கில் எடுத்தால் அளவு குறையலாம். ஆனால் மூச்சு திணறுகிற ஆளுக்கு ரிப்போர்ட் வரட்டும் என்று வைத்தியத்தைத் தள்ளிப்போடக் கூடாது. ரத்தத்தை எடுத்து வைத்துவிட்டு வைத்தியத்தைத் தொடங்கலாம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கே எடுப்பது?

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் உள்ள பெரிய லேப்களில் ரத்தம் எடுத்துக்கொள்வார்கள். சீரத்தைப் பிரித்து, குளிர்ப்பெட்டியில் வைத்து, பெருநகரத்து மைய லேபுக்கு அனுப்புவார்கள். அதனால் ரிசல்ட்டுக்குச் சில நாள் முதல் இரண்டு வாரம்வரை ஆகலாம். காசு சில ஆயிரம் ஆகும், லேபுக்கு லேப் வித்தியாசப்படும். முதலில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் காட்டி, அங்கே என்ன செய்ய முடியும், எதை வெளியே எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். நம் மாவட்டத்து ஆட்கள் பலர் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். நாகர்கோவிலிலிருந்து ரயிலில் காலையில் கிளம்பினால் சாயங்காலம் திரும்பிவிடலாம் என்பதால் அது நமக்குச் சென்னையைவிட, வேலூரைவிடக் கை எட்டும் தூரம்.

லேபில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: "எந்த முறையில் பார்க்கிறீர்கள்?" எலிசாவா (நிற மாற்றத்தை வைத்து அளப்பது), ரேடியோ இம்யூனோ அஸேயா, செல் முறையா (உயிரணுக்களை வைத்துப் பார்ப்பது) என்பது ரிப்போர்ட்டிலேயே அச்சாகி இருக்கும். பிறகு ஒப்பிட அது உதவும்.

நெகட்டிவ் வந்துவிட்டது. அப்படியென்றால் நோய் இல்லைதானே?

இந்தப் பக்கத்தை நான் எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

இல்லை. நெகட்டிவ் என்றால், தேடிய அந்த ஒரு ஆன்டிபாடி, அந்த முறையில், அன்றைக்குக் கிடைக்கவில்லை என்று மட்டுமே பொருள்.

அம்மாவுக்கு முதலில் பார்த்தது ஏசிஎச்ஆர் மட்டும். எலிசா முறை. நெகட்டிவ். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தோம். அப்பா இறந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட டாக்டர், "எல்லாம் மனசு சம்பந்தப்பட்டது" என்று சொல்லித் தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். வீட்டில் நாங்களும் அதை நம்பினோம். அம்மா சாப்பிடாமல் தட்டைத் தள்ளும்போது, "கொஞ்சம் மனசு வச்சு சாப்பிடுங்க" என்று நானே அதட்டியிருக்கிறேன். எட்டு மாதத்தில் அவர் பதினொரு கிலோ இளைத்தார். இதை எழுதும்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

பிறகு திருவனந்தபுரத்தில் ஒரு நரம்பியல் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்க்கும் முன் அம்மாவின் நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கு மெலிந்து, ஓரத்தில் குழி விழுந்த மாதிரி இருந்தது. இரண்டு நிமிடம் தொடர்ந்து பேசச் சொன்னார். முதல் நிமிடம் மகளின் கல்யாணக் கதையைத் தெளிவாகச் சொன்ன அம்மா, இரண்டாவது நிமிடத்தில் மூக்கால் பேசினார். "மஸ்க் பார்த்தாச்சா?" என்று டாக்டர் மலையாளத்தில் கேட்டார். அப்படி ஒரு பெயரையே நாங்கள் கேட்டதில்லை. பார்த்தோம். பாசிட்டிவ்.

ஆகவே ஏசிஎச்ஆர் நெகட்டிவ் என்றால், தொந்தரவு நீடித்தால், அடுத்துக் கேட்க வேண்டியது மஸ்க். இரண்டும் நெகட்டிவ் என்றாலும் கதை முடியவில்லை. செல் முறையில், உயிரணுவின் மேல் ஏற்பிகள் இயல்பாக நெருங்கி நிற்கிற மாதிரி வைத்துச் சோதிப்பார்கள். மற்ற முறைகளில் தப்பிய ஆன்டிபாடி சிலருக்கு அதில் சிக்கும். நோயின் ஆரம்பத்தில் நெகட்டிவாக இருந்து, ஆறு மாதம் ஒரு வருடம் கழித்து எடுத்தபோது பாசிட்டிவ் ஆனவர்களும் உண்டு. எல்லாம் பார்த்தும் எதுவும் கிடைக்காத நோயாளிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே நோய்தான், வைத்தியமும் உண்டு.

ரத்தம் அல்லாத சோதனைகளும் இருக்கின்றன. நரம்பை ஒரு வினாடிக்குச் சுமார் மூன்று தடவை மின்சாரத்தால் தூண்டி, தசையின் பதில் படிப்படியாகக் குறைகிறதா என்று பார்ப்பார்கள். பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அது அர்த்தமுள்ளது. அம்மாவுக்குக் கையில் செய்தபோது சரியாக இருந்தது, முகத்தில் செய்தபோதுதான் குறைந்தது. மஸ்க் நோயில் இப்படி நடப்பதுண்டாம், ஆகையால் கையோடு நிறுத்திவிடாமல் முகத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். இமை தொங்குகிறவர்களுக்கு இன்னும் எளிதான ஒன்று இருக்கிறது. கையுறையில் ஐஸ்கட்டியைப் போட்டு, மூடிய இமையின் மேல் இரண்டு நிமிடம் வைப்பது. எடுத்ததும் இமை 2 மில்லிமீட்டராவது மேலே ஏறினால் இந்த நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். புறநோயாளிப் பிரிவில் ஒரு வயசான அண்ணாச்சிக்குச் செய்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஐஸை எடுத்ததும் பாதி மூடியிருந்த கண் அகலத் திறந்தது. சில நிமிடத்தில் மெதுவாகத் திரும்ப இறங்கியது.

எந்த ஆன்டிபாடி என்று தெரிந்து என்ன பயன்? வைத்தியம் ஒன்றுதானே?

ஒன்று இல்லை. ஏசிஎச்ஆர் உள்ளவர்களுக்குப் பைரிடோஸ்டிக்மின் பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். மஸ்க் உள்ளவர்களில் பலருக்கு அது அவ்வளவாகக் கேட்காது. தசை துடிப்பும் வயிற்றுப்போக்கும்தான் மிஞ்சும். ரிட்டுக்சிமாப் என்ற மருந்து மஸ்க் நோயில் நல்ல பலன் தருகிறது. நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியை எடுக்கும் ஆபரேஷன் ஏசிஎச்ஆர் நோயாளிகளுக்கு உதவும் என்று 2016-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. மஸ்க் நோய்க்கு அந்த ஆபரேஷனைப் பொதுவாகச் சொல்வதில்லை. அம்மாவுக்கு நெஞ்சைத் திறக்கும் ஆபரேஷன் தேவையில்லை என்று முடிவானது அந்த ஒரு வரி ரிசல்ட்டால்தான்.

எண் அதிகம் என்றால் நோய் அதிகமா?

கிடையாது. போன மாதம் ஒரு அக்கா ரிப்போர்ட்டைக் காட்டி அழுதார். அவருடைய எண் அங்கே சேர்த்திருந்த இன்னொரு நோயாளியின் எண்ணைவிட இருபது மடங்கு. ஆனால் அவர் பேருந்து ஏறித் தனியாக வந்திருந்தார், அந்த நோயாளி மூச்சுக்கருவியில் இருந்தார். ஏசிஎச்ஆரில் ஒருவர் எண்ணை இன்னொருவர் எண்ணோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. ஒரே ஆளுக்குள்கூட அது நோயின் போக்கோடு ஒத்துப்போகும் என்று நம்ப முடியாது. மஸ்க்கில் கொஞ்சம் கூடுதலாக ஒத்துப்போகும். மாதாமாதம் இந்தப் பரிசோதனையை எடுத்துக் காசைக் கரைக்காதீர்கள். இமை எப்படி இருக்கிறது, சாப்பிட எவ்வளவு நேரம் ஆகிறது, மாடிப்படி ஏற முடிகிறதா என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினால் டாக்டருக்கு அதுவே போதும்.

பாசிட்டிவ் என்றால் நிச்சயம்தானா?

தொந்தரவும் இருந்து ஏசிஎச்ஆர் தெளிவாகப் பாசிட்டிவாகவும் இருந்தால் ஏறக்குறைய நிச்சயம். எல்லைக்கோட்டை ஒட்டிக் கொஞ்சமாகத் தாண்டியிருந்தால், அதிலும் எலிசாவில் என்றால், வேறு முறையில் திரும்பப் பார்க்கச் சொல்வார்கள். மூட்டுவாதத்துக்கும் வில்சன் நோய்க்கும் கொடுக்கும் பெனிசிலமைன் மருந்தாலும் இது வரலாம், அதை எடுத்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

ரத்தத்தில் தெரிந்துவிட்டதே, பிறகு எதற்கு நெஞ்சுக்கு சிடி ஸ்கேன்?

தைமஸ் சுரப்பி நெஞ்சு எலும்புக்குப் பின்னால் இருக்கிறது. இந்த நோயாளிகளில் 10 முதல் 15 சதவீதம் பேருக்கு அதில் தைமோமா என்ற கட்டி இருக்கும், அவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஏசிஎச்ஆர் பாசிட்டிவாகவே இருக்கும். பயப்பட வேண்டாம், ஆனால் ஸ்கேனைத் தள்ளிப்போடவும் வேண்டாம். கட்டி இருந்தால் எடுத்தாக வேண்டும்.

தொற்றுமா? பிள்ளைகளுக்கு வருமா? வீட்டில் எல்லோரும் ரத்தம் பார்க்க வேண்டுமா?

தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடலாம். தொந்தரவு இல்லாத பிள்ளைகளுக்குப் பரிசோதனை தேவையில்லை. கர்ப்பிணிக்கு நோய் இருந்தால் மட்டும் ஒரு விஷயம்: அம்மாவின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகலாம். அப்படிப் பிறக்கும் குழந்தைகளில் 10 முதல் 20 சதவீதம் பேர் சில நாள் சரியாகப் பால் குடிக்காமல், மெதுவாக அழுதுகொண்டு இருப்பார்கள். அந்த ஆன்டிபாடி கரையக் கரையச் சில வாரத்தில் சரியாகிவிடும். ஆனால் பிரசவம் குழந்தை டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும்.

மருந்துக்கடையில் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கலாமா?

சொல்லாமல் வாங்காதீர்கள். சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின், ஜென்டாமைசின் ஊசி, நரம்பில் ஏற்றும் மெக்னீசியம், சில பிரஷர் மாத்திரைகள் எல்லாம் இந்த நோயைத் திடீரென்று மோசமாக்கலாம். நம்மூரில் சளி என்றால் கடையிலேயே அசித்ரோமைசின் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அம்மாவின் ஃபைலில் முதல் பக்கத்தில் நோயின் பெயர், ஆன்டிபாடி ரிசல்ட், அது எடுத்த முறை, தேதி, கொடுக்கக் கூடாத மருந்துகள் என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அதன் போட்டோ என் போனிலும் தம்பி போனிலும் இருக்கிறது.

எப்போது உடனே ஓட வேண்டும்?

படுத்தால் மூச்சு முட்டுகிறது, எச்சிலை விழுங்க முடியவில்லை, இருமல் பலமில்லாமல் வருகிறது, தலை நிற்காமல் முன்னால் சாய்கிறது என்றால் 108-ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 98 காட்டுகிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள், இந்த நோயில் அந்த எண் கடைசியில்தான் இறங்கும். வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று டாக்டர் சொல்லிக்கொடுத்தார். ஆழமாக மூச்சை இழுத்து, அதே மூச்சில் சத்தமாக ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். 20-ஐத் தாண்ட முடியாவிட்டால் காத்திருக்கக் கூடாது. அம்மா தினமும் ராத்திரி கஞ்சி குடிக்கும் முன் எண்ணுவார். நான் அடுக்களையில் இருந்தே கேட்டுக்கொண்டிருப்பேன். நேற்று 38.